அரைப்பேரும் முழுப்பேரும்

இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் பக்கமாக மலை ஏறிச் செல்லும் பாதையை அண்டிய தோட்டங்களில் "பேர்" என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் இடும் பேர். மற்றையது, ஒரு நாள் வேலைக்காகச் செக்ரோலில் பதியப்படும் பேர். விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் நின்று கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுக்கும்போது சொன்ன அளவு இருந்தால் அன்றைக்கு ஒரு பேர். அளவு குறைந்தால் அரைப்பேர். கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் ஒரு தாய், "இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று சொல்லும்போது, அந்தக் குரலில் இருப்பது பணக் கவலை மாத்திரமல்ல. தன்னையே யாரோ பாதியாக எழுதிவிட்டார்கள் என்ற நோவும் அதில் ஒலிக்கிறது.

இந்தச் சொல்வழக்கை அன்றாடம் கேட்டுப் பழகிவிட்டபடியால் அதன் ஆழத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. செய்யும் வேலையின் அளவுதான் மனிதனின் அளவா? கை குறைந்தால் ஆளும் குறைந்துவிடுகிறானா? ஒருவன் எதனால் பேர் பெற்றானோ அதுவே அவனிடமிருந்து பறிக்கப்பட்டால், எஞ்சி நிற்பவன் யார்? இக்கேள்வியை எத்தொழில் செய்பவரைப் பற்றியும் கேட்கலாம். ஆயினும் இசைக் கலைஞனைப் பற்றிக் கேட்கும்போதுதான் அது மிகக் கூர்மையாகிறது. ஏனெனில், அவனுடைய தொழில் அவனுடைய உடம்பிலேயே குடியிருக்கிறது. விரலும் செவியும் தொண்டையுமே அவனுக்கு ஆயுதம், ஆஸ்தியும் அவையே, அடையாளமும் அவையே.

நம்மூர்த் தப்புக்காரர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். தோட்டத்தில் தப்பு ஒலிக்காத நன்மை தீமை இல்லை. ஒரு காலத்தில் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பியது தப்பு. மாசியில் காமன் கூத்துக்குக் கால்களை எழுப்புவதும், மரித்தவரை மண் வரைக்கும் வழியனுப்புவதும் தப்பே. தோலைத் தீயில் காய்ச்சி, ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட குச்சியுமாக அவர் நிற்கும்போது, தோட்டம் முழுவதும் அவர் பக்கம் திரும்பும். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கவ்வாத்துக் கத்தி பட்டோ, தொழிற்சாலை இயந்திரத்தில் அகப்பட்டோ ஒரு கையின் விரல்கள் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் அவருக்கு இரண்டு பேரும் ஒருமிக்கப் போய்விடுகின்றன. செக்ரோலிலும் பேர் இல்லை. தப்புக்காரர் என்ற பேரும் இல்லை.

அவரை நாம் எப்படிப் பார்க்கப் போகிறோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை தேடுவதற்கு, உண்மையாகவே இவ்வாறு இழந்து வாழ்ந்த சிலரின் வாழ்வைப் பார்ப்போம். முதல் இருவரும் நம்மிடமிருந்து வெகு தூரத்தில் வாழ்ந்த பியானோ வித்துவான்கள். ஆயினும் இருவரும் வலக்கையின் ஆற்றலை இழந்தவர்கள். ஒருவர் பூட்டி வைத்த இசையை மற்றவர் திறந்து வாசித்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களுடைய கதை நமக்குப் பாடமாகிறது.

கட்டிய வீடு

வியன்னா நகரத்துப் பெருஞ்செல்வக் குடும்பமொன்றில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் போல் விட்கென்ஸ்ரைன். தத்துவஞானியாக உலகப் புகழ் பெற்ற லுட்விக் விட்கென்ஸ்ரைன் இவருடைய தம்பி. 1913இல் போல் மேடையேறினார். அடுத்த ஆண்டே முதலாம் உலக யுத்தம் மூண்டது. போர்முனையில் அவருடைய வலது முழங்கையைக் குண்டு சிதைத்தது. கை துண்டிக்கப்பட்டது. அந்த நிலையிலேயே அவர் ரஷ்யரிடம் கைதியானார். சைபீரியாவில் ஒம்ஸ்க் நகரத்துக் கைதிகளிடையே இருந்தபோது, ஒரு மரப்பெட்டியின் மேல் பியானோக் கட்டைகளைக் கரியால் வரைந்து, இடக்கை விரல்களால் அவற்றைத் தட்டித் தட்டிப் பழகினார். பெட்டியிலிருந்து இசை வரவில்லை. இசை முழுவதும் அவருடைய உள்ளத்துக்குள்ளே இருந்தது.

வியன்னாவில் அவருக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். பெயர் ஜோசெப் லாபோர். சிறு வயதிலேயே கண்பார்வை இழந்தவர். மாணவனுக்கு நேர்ந்ததைக் கேள்வியுற்ற அந்த முதியவர், மாணவன் ஊர் திரும்பும் முன்னரே, இடக்கைக்கு மட்டுமான ஒரு படைப்பை எழுதத் தொடங்கினார். வாசகர் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "இனி உன்னால் முடியுமா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வாசிப்பதற்கு இசையை ஆயத்தம் செய்தார். பாடம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அவர் நினைவில் ஒரு முழுப்பேரே இருந்தது.

போர் முடிந்தபின் போல், தம் செல்வத்தைக் கொண்டு அக்காலத்துப் பேர்போன இசையமைப்பாளர்களிடம் இடக்கைக்கெனப் படைப்புகளை எழுதுவித்தார். அவற்றுள் தலைசிறந்தது பிரான்ஸ் நாட்டு மொரிஸ் ராவெல் எழுதிய கொன்செர்டோ. பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் இணைந்து இசைக்கும் அப்படைப்பு 1932 ஜனவரி 5ஆம் திகதி வியன்னாவில் அரங்கேறியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர், வாசிப்பவை ஐந்தே விரல்கள் என்று எளிதில் நம்பமாட்டார். இடக்கையின் பெருவிரல் மேல் ஸ்தாயியில் பாட்டைப் பாடும். மற்ற விரல்கள் கீழ் ஸ்தாயியில் அதைத் தாங்கும். கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பாயும் நேரத்தில் ஒலி அறுந்துபோகாதபடி கால்மிதி அதனைக் காத்துக்கொள்ளும். குறை என்று எண்ணப்பட்டது இங்கே புதியதோர் இலக்கணமாயிற்று.

இதுவரைக்கும் இது மேடைகளில் எடுத்துச் சொல்லத் தகுந்த வீரக்கதை. ஆனால் கதை இங்கே முடியவில்லை. போல் காசு கொடுத்து எழுதுவித்த படைப்புகளை வாசிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்திருந்தார். புரோகோபியெவ் எழுதிக் கொடுத்தது தமக்கு விளங்கவில்லை என்று ஒதுக்கினார். ஹின்டெமித் 1923இல் எழுதிக் கொடுத்ததை ஒரு முறையேனும் மேடையில் வாசிக்காமல் வைத்துவிட்டார். பின்னர் சீக்பிரீட் றாப் என்னும் ஜெர்மானியப் பியானோக்காரர், இரண்டாம் உலக யுத்தத்தில் தம்மைப்போலவே வலக்கையை இழந்தவர், அந்தப் படைப்புகளை வாசிக்க அனுமதி கேட்டு எழுதினார். போல் மறுத்தார். ஒருவன் வீடு கட்டுவது வேறொருவன் வந்து குடியிருப்பதற்காக அல்லவே என்பது 1950இல் அவர் எழுதிய பதிலின் கருத்து.

அவருக்கு நியாயம் செய்வதானால் இதனையும் சொல்ல வேண்டும்: தாம் மேடையை விட்டு விலகியபின் அல்லது இறந்தபின் அவை எல்லாருக்கும் உரியவையாகலாம் என்றும் அதே கடிதத்தில் எழுதினார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு உரிமையில்லை. ஒரு முறை எல்லாம் பறிக்கப்பட்ட மனிதன், மறுபடி பெற்றதை இறுக்கிப் பிடித்துக்கொள்வது இயற்கை. பசி கண்டவன் சோற்றைப் பதுக்குவான். ஆனால் இயற்கையானது எல்லாம் நல்லதாகிவிடாது. தன்னைப்போல் ஒரு கையோடு வாசலில் வந்து நின்றவனைத் திருப்பி அனுப்பியபோது, தன் ஊனத்தை வென்ற அந்த வீரர் வேறொன்றிடம் தோற்றுப்போனார்.

மடங்கிய விரல்கள்

மற்றவர் அமெரிக்கர். பெயர் லியோன் பிளைஷர். 1928இல் சான் பிரான்சிஸ்கோ நகரில், குடியேறி வந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதிலே ஆர்தர் ஷ்னாபெல் என்னும் மாமேதையிடம் மாணவனாகச் சேர்ந்தார். பதினாறு வயதில் நியூயோர்க் பெருங்குழுவோடு வாசித்தார். 1952இல் பெல்ஜியம் நாட்டின் எலிசபெத் மகாராணி போட்டியில் முதற் பரிசு பெற்றார். அப்பரிசை வென்ற முதல் அமெரிக்கர் அவரே. முப்பத்தைந்து வயதுக்குள் அவர் அடையாத சிகரம் இல்லை எனலாம்.

1964இல், அவருக்கு முப்பத்தாறு வயதாகும் வேளையில், வலக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கத் தொடங்கின. காயமில்லை, விபத்தில்லை. வாசிக்க அமர்ந்தால் விரல்கள் சொல் கேட்பதில்லை. முதலில் பயிற்சி போதவில்லை என்று எண்ணி இன்னும் கடுமையாகப் பயின்றார், நிலை மோசமாகியது. இது போக்கல் டிஸ்ரோனியா என்னும் நோய் என்பது பல ஆண்டுகள் சென்ற பின்னரே தெரியவந்தது. கோளாறு விரலில் அல்ல, மூளையில். ஒரே நுண்ணிய அசைவை ஆயிரமாயிரம் தடவை திருப்பிச் செய்பவர்களுக்கு, விரல்களைத் தனித்தனியே ஆளும் மூளைப் பகுதிகளின் எல்லைகள் மங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுவதாக வைத்தியர்கள் விளக்குகிறார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இதற்கு ஆளாகின்றனர் என்பது பொதுவான மதிப்பீடு. எதனை நேசித்து உழைத்தாரோ, அந்த உழைப்பே அவரை முடக்கியது. இதைவிடக் கசப்பான கேலி உண்டா?

அவர் வீரர் போல் எழுந்து நிற்கவில்லை. குடும்பம் குலைந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணிய நாட்களும் இருந்தன. இதனை அவரே பின்னாளில் மறைக்காமல் சொன்னார். இவ்விருளில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கிடந்தபின், மெல்ல ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. தாம் நேசித்தது இரு கைகளால் பியானோ வாசிப்பதை அல்ல, இசையை. வாசிப்பு, இசைக்குப் போகும் வாசல்களில் ஒன்று மாத்திரமே. ஒரு வாசல் அடைபட்டால் வீடு இல்லாமற் போய்விடுவதில்லை.

அதன்பின் அவர் வேறு வாசல்களைத் தேடினார். வாத்தியக் குழுக்களை நடத்தும் பணியில் இறங்கினார். இடக்கைக்கென எழுதப்பட்டவற்றை மேடையில் வாசித்தார். அவற்றுள் முதன்மையானது எது? போல் விட்கென்ஸ்ரைன் காசு கொடுத்து எழுதுவித்த அதே ராவெல் கொன்செர்டோ! பிறர் குடியிருப்பதற்காக அல்ல என்று அவர் கட்டிய வீடு, அவர் 1961இல் மறைந்தபின், வீடிழந்த மற்றொரு கலைஞனுக்கு முப்பது ஆண்டுக் காலம் தங்குமிடமாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் ஆசிரியரானார். 1959 முதலே பால்ரிமோர் நகரத்துப் பீபொடி இசைக் கல்லூரியில் அவர் கற்பித்து வந்தார். கை நலமாயிருந்த காலத்தில், மாணவன் தவறாக வாசித்தால் அவனை எழுப்பிவிட்டுத் தாமே அமர்ந்து வாசித்துக் காட்டிவிடுவார். இப்போது அது முடியாது. எனவே சொல்லால் விளக்க வேண்டியதாயிற்று. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஏன் போகிறோம், மௌனம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சிந்தித்து, சொல் தேடி, எடுத்துச் சொன்னார். அதனாலே தாம் மேலான ஆசிரியராகியதாக அவரே கூறியிருக்கிறார். வாசித்துக் காட்டும் ஆசிரியரிடம் மாணவன் பாவனையைக் கற்பான். சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரிடம் சிந்தனையைக் கற்பான்.

1990களில் ஊசி மருந்தாலும் உடம்பைத் தளர்த்தும் சிகிச்சையாலும் வலக்கை ஓரளவு இணங்கத் தொடங்கியது. 2004இல் "இரு கைகள்" என்னும் பொருள்படும் பெயருடன் அவருடைய இசைத்தட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் நடந்த மற்றொன்று அதைவிடப் பெரிது. போல் ஒளித்து வைத்த ஹின்டெமித்தின் படைப்பு 2002இல், அவருடைய மனைவி காலமான பின்னர், அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டிருந்தது. எண்பது ஆண்டு மௌனத்தின் பின் 2004 டிசெம்பரில் பேர்லின் நகரில் அதனை முதன்முதலாக வாசித்தவர் லியோன் பிளைஷர். இரண்டு கைகளும் மீண்டிருந்த வேளையில், இடக்கையால் மட்டும் வாசித்தார். அவர் 2020 ஓகஸ்ட் 2ஆம் திகதி, தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறைந்தார்.

நம் இசையுலகில்

"இவர்கள் செல்வமும் வசதியும் உள்ள நாட்டவர், நமக்கு எப்படிப் பொருந்தும்?" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. போலுக்குக் குடும்பச் சொத்து இருந்தது. பிளைஷருக்குக் கல்லூரிச் சம்பளம் இருந்தது. நம் தப்புக்காரருக்கு இரண்டும் இல்லை. இதற்குப் பின்னர் வருவோம். அதற்கு முன், கர்நாடக இசையுலகிலும் இத்தகையோர் உண்டு என்பதை நினைவுகூர்வோம்.

கும்பகோணத்தில் சரப சாஸ்திரிகள் என்றொரு புல்லாங்குழல் வித்துவான் இருந்தார். கண்பார்வை அற்றவர். 1872இல் பிறந்து 1904இல் மறைந்தார், முப்பத்திரண்டே ஆண்டுகள். அதற்குள், கச்சேரி மேடையில் தனியே நிற்கத் தகுந்த வாத்தியமாகப் புல்லாங்குழலை உயர்த்திக் காட்டினார். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அந்த வழியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சென்றார். வயலின் வித்துவான் எம். சந்திரசேகரன் 1937இல் கல்கத்தாவில் பிறந்து, இரண்டு வயதில் பார்வை இழந்தார். தாயார் சாருபாலா மோகனே அவருடைய முதற் குரு. 2005இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது. அந்தத் தாய், "கண்ணில்லாத பிள்ளை" என்று மடியில் வைத்து அழுதுகொண்டே இருந்திருக்கலாம். அவரோ பிள்ளையின் கையில் வில்லைக் கொடுத்தார்.

செம்பை வைத்தியநாத பாகவதரின் கதை வேறு விதமானது. வெண்கலக் குரலுக்குப் பேர்போன அவர், புகழின் உச்சியில் இருந்த 1950களில், திடீரெனக் குரலை இழந்தார். பாட்டையன்றி வேறு தொழில் அறியாதவருக்கு இது எத்தகைய அடியாயிருந்திருக்கும்! ஆயுர்வேத சிகிச்சையால் குரல் மீண்டது. தாம் வணங்கிய குருவாயூரப்பனின் அருளால் மீண்டதென்று அவர் நம்பினார். தம் வருவாயின் பெரும்பகுதியை அக்கோயிலுக்கே கொடுத்தார். மீண்ட குரலைத் தம் சொந்தச் சொத்து என்று அவர் எண்ணவில்லை. கொச்சியில் 1940ஆம் ஆண்டு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸ் அவருடைய சீடர். வேதம் வேறு, குலம் வேறு என்று பாராமல், 1974இல் தாம் மறையும்வரை செம்பை அவருக்குத் தம் வித்தையைக் கொடுத்தார். இழந்து பெற்றவர் இருவர்: ஒருவர் வாசலைப் பூட்டினார்; மற்றவர் அகலத் திறந்தார்.

நாம் சொல்லும் ஆறுதல்கள்

இப்போது நம் பக்கம் திரும்புவோம். இழந்து நிற்பவரிடம் நாம் வழக்கமாக இரண்டு விதமாகப் பேசுகிறோம். ஒன்று, "ஐயோ பாவம்" என்னும் பேச்சு. இது அரைப்பேர் போடும் பேச்சு. சோறு கொடுக்கும், பக்கத்தில் அமர இடம் கொடுக்காது. பணம் கொடுக்கும்; கருத்துக் கேட்காது.

மற்றது, கேட்க இனிமையானது. ஆகவே அதிக ஆபத்தானது. "பேத்தோவனைப் பார், காது கேளாமலே மகா இசையைப் படைத்தாரே, நீயும் எழுந்திரு" என்கிறோம். பேத்தோவனின் செவிட்டுத்தன்மையைப் பிரசங்கங்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! ஆனால் 1802ஆம் ஆண்டு ஒக்ரோபரில், ஹைலிகென்ஸ்ராட் என்ற கிராமத்திலிருந்து தம் சகோதரர்களுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதத்தில் அவர் தம் நோயை வரமென்று புகழவில்லை. காது கேட்கவில்லை என்று பிறரிடம் சொல்ல வெட்கப்பட்டுத் தனிமைக்குள் ஒளிந்துகொண்டதையே எழுதினார். அக்கடிதம் 1827இல் அவர் இறந்தபின் அகப்பட்டது. துன்பம் மனிதனைத் தானாகவே பெரியவனாக்குவதில்லை. துன்பத்தால் நொறுங்கியவர்களின் கணக்கை எவரும் எழுதி வைப்பதில்லை. "என் இழப்பால் எனக்கு நன்மை விளைந்தது" என்று சொல்லும் உரிமை இழந்தவருக்கு மட்டுமே உண்டு; பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை.

இந்த இரண்டாவது பேச்சில் இன்னொரு கேடும் மறைந்திருக்கிறது. "வேறு வழியில் சாதித்துக் காட்டு, அப்போது உன்னை மதிப்போம்" என்பதே அதன் உட்பொருள். அப்படியானால் செக்ரோலை நாம் கிழித்துப் போடவில்லை. வேறொரு செக்ரோலைத் திறந்திருக்கிறோம். பிளைஷர் போல் எழ முடியாதவர், படுக்கையை விட்டு அசையவும் இயலாதவர், அவருக்கு எந்தப் பேர்? புதுவாழ்வு படைத்தவருக்குத்தான் முழுப்பேர் என்றால், அதுவும் நிறுத்துப் பார்க்கும் பேர்தானே?

ஆகவே, இக்கதைகளிலிருந்து நாம் கற்க வேண்டியது வீரத்தை அல்ல, வரிசையை. தோட்டத்தில் முதலில் வேலை, பின்னர் பேர். மனிதர்களுக்கிடையே அது மாறி வரவேண்டும்: முதலில் பேர், பின்னர் வேலை. லாபோர், மாணவன் வாசித்துக் காட்டும்வரை காத்திராமல் இசையை எழுதினார். சாருபாலா, பிள்ளை வித்துவானாகும்வரை காத்திராமல் வில்லைக் கொடுத்தார். முழுப்பேரை முன்னதாகவே இட்டவர்கள் அவர்கள். அந்தப் பேரின் மேல் கால் ஊன்றியே மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். சொந்தப் பலத்தால் மாத்திரம் எழுந்தவர் இக்கதைகளில் ஒருவருமில்லை. அப்படித் தாம் ஒருவரே கட்டியதாக எண்ணியவர்தான் வாசலைப் பூட்டினார்.

இடக்கைக்கு இசை எழுதுவோர்

செல்வத்தைப் பற்றிய கேள்விக்கு இப்போது வருவோம். போலுக்காக எழுத ராவெல் இருந்தார், கொடுக்கப் பணமும் இருந்தது. நம் தப்புக்காரருக்காக எழுதுவோர் யார்? அந்தக் கடன் சமூகத்துடையது. நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கண்பார்வையற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்காக இரத்மலானையில் 1912இலேயே பாடசாலை தொடங்கப்பட்டது. வலது குறைந்தோரின் உரிமைகளைக் காக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏதோ ஒரு வகை இயலாமையுடன் வாழ்கின்றனர். அவ்வாறாயின் ஒவ்வொரு லயத்திலும், ஒவ்வொரு தெருவிலும் அவர்கள் இருக்கிறார்கள். சட்டம் படிக்கட்டின் பக்கத்தில் சாய்தளம் கட்டச் சொல்லலாம். ஆனால் "வாருங்கள், உங்களுக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறோம்" என்று அழைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது அயலவரின் வாயிலிருந்து வரவேண்டும்.

விரலிழந்த தப்புக்காரரிடம் திரும்பிப் போவோம். அவருடைய கைக்குள் இருந்த அடி அவருடைய காதிலும் நெஞ்சிலும் இருக்கிறது. எந்தச் சடங்குக்கு எந்த அடி, எந்த இடத்தில் வேகம் எடுக்க வேண்டும், எந்த இடத்தில் அடங்க வேண்டும் என்பது அவர் போனால் அவரோடு போய்விடும் அறிவு. பிளைஷர் சொல்லால் கற்பித்தது போல், வாயால் சொல்லி, காலால் தட்டி, ஒரே குச்சியால் கோடு காட்டி, நான்கு பையன்களுக்கு அவர் கற்பிக்கலாம். அதற்கு அவருடைய மன உறுதி மட்டும் போதாது. பையன்களை அனுப்பும் பெற்றோர் வேண்டும். "தப்புத்தானே" என்று இழிவாக எண்ணாத மனம் வேண்டும். இசை என்றால் மேடையில் இருப்பது மட்டுமே என்ற எண்ணம் போகவேண்டும். அவர் கற்பிக்க விரும்பாமல், சும்மா இருக்கவே விரும்பினாலும், அதற்காக அவருடைய பேரில் பாதியை நாம் வெட்டிவிடக் கூடாது.

நமக்கும் ஒரு நாள் விரல் நடுங்கும், கண் மங்கும், குரல் தேயும். முதுமை என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து ஒவ்வொரு திறமையாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் கடன்காரன் அல்லவா? அன்றைக்கு நம்மைச் சுற்றி இருப்போர் எந்தக் கணக்கைத் திறப்பார்கள் என்பது, இன்றைக்கு நாம் அவர்களுக்குப் பழக்கி வைக்கும் கணக்கைப் பொறுத்தது.

இன்று மாலையும் இரத்தோட்டைப் பக்கத்து மலைகளிலிருந்து கூடைகள் இறங்கும், கொழுந்து நிறுக்கப்படும், பேரும் அரைப்பேரும் எழுதப்படும். தராசு கொழுந்துக்கு வேண்டியதுதான். ஆனால் அதனைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். லயத்தின் திண்ணையில் கையைத் துணியால் மூடிக்கொண்டு அமர்ந்திருப்பவரை, அவருடைய தாய் இட்ட பேரைச் சொல்லி, முழுவதுமாகச் சொல்லி, அழைப்போம்.